அணுகுசாலையின் அகலம்

வங்கிப் படிவத்தில் பதினோராவது கட்டம்:
அணுகுசாலையின் அகலம், அடியில்.
மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு
என்னைப் பார்க்கிறார்.
நான் ஆற்றைப் பார்க்கிறேன்.

"நானூறுன்னு எழுதிக்கோங்க,
கதவணை சாத்தியிருந்தா."
திறந்திருந்தால்?
"அப்ப பாறைதானுங்க. நடந்தே வந்துரலாம்,
செருப்பைக் கையில எடுத்துக்கோணும்."
அவர் சிரிக்கவில்லை.
பரிசலில் வந்த கிறுகிறுப்பு
இன்னும் அவர் கண்ணில் சுற்றுகிறது.

கொக்குத்திட்டு.
பாசூருக்கு மேலே, காவிரிக்கு நடுவில்
முப்பத்தொரு மனை, பதினான்கு வீடு,
ஒரு டிரான்ஸ்பார்மர்.
ஈரோட்டிலிருந்து இருபதே நிமிடம் என்று
பலகையில் போட்டிருந்தார்கள்.
பரிசலுக்குக் காத்திருப்பது அதில் சேராது.

எங்களுடையது பத்தொன்பது. ஐந்தரை சென்ட்.
துளசிமணியின் ஏலச்சீட்டும்
லுங்கிக்கடையைக் கைமாற்றிய காசும்.
"கரையில சென்ட்டு எட்டு லட்சம், திட்டுல மூணு.
பாலம் வந்தா ரெண்டும் ஒண்ணு" என்றான்
புரோக்கர் யுவராஜ்.
பாலம் வந்தா.
அந்த இரண்டு சொல்லுக்குத்தான்
அட்வான்ஸ் கொடுத்தேன்.

அப்புறம் தெரிந்தது கணக்கு.
சிமெண்ட் மூட்டைக்குப் பரிசல் கூலி முப்பத்தஞ்சு.
செங்கல் ஒன்றுக்கு ஒண்ணேகால்.
மணல்மேட்டில் வீடு கட்ட
அக்கட்டாலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வந்தோம்.
பீரோ வந்த அன்று
மல்லாத்திக் கிடத்திய அதன் கண்ணாடியில்
வானம் ஒரு சுற்றுச் சுற்றியது.
துளசிமணி குனிந்து
அதற்குள் பொட்டைச் சரிசெய்தாள்.

பக்கத்து மனை ரத்தினசபாபதி,
மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ரிட்டையர் ஆனவர்.
பின்பக்கக் கல்லை ஓரடி தள்ளி நட்டார்
என்பது என் வழக்கு.
நான் தள்ளினேன் என்பது அவருடையது.
கொடுமுடி கோர்ட்டில் இரண்டு வருசம். பேச்சு இல்லை.
பரிசல்காரர் மாரப்பனுக்கு அதெல்லாம் தெரியாது;
எங்கள் எடை ஒன்று, அது தெரியும்.
"நீங்க இக்கட்டால, அவரு அக்கட்டால."
ஒருவர் எழுந்தால் இருவரும் நனைய வேண்டும்.
வாய்தாவுக்கும் அப்படித்தான் போனோம்,
முட்டியோடு முட்டி இடிக்க,
மடியில் ஆளுக்கொரு கேஸ் கட்டு.

போன ஆடியில் மேட்டூரில் திறந்தார்கள்.
ஆறு நாள் பரிசல் இல்லை.
பேப்பர் வரவில்லை, பால் வரவில்லை,
தவணை கேட்பவன் வரவில்லை, மச்சினன் வரவில்லை.
சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.
நாலாம் நாள் வேலிக்கு மேலே
ஒரு காலி டம்ளர் நீண்டது, சர்க்கரைக்கு.
துளசிமணி நிரப்பிக் கொடுத்தாள்.
நான் பார்க்கவில்லை என்று
இரண்டு பெண்களும் முடிவு செய்துகொண்டார்கள்.

வெள்ளம் வடிந்தபோது
அந்தக் கல் இல்லை.
கல்லோடு சேர்த்துப் பதினைந்து அடி மண் இல்லை,
எனக்கும் அவருக்கும்.
திட்டின் தெற்கு வாலில்
பட்டா இல்லாத புதுமணல் ஒதுங்கிக் கிடந்தது.
ஆள்காட்டிக் குருவி ஒன்று அதற்குள் குடியேறி
வருகிறவனையெல்லாம் வைதது.
வரி ரசீதில் இன்னும் ஐந்தரை சென்ட்.

மதிப்பீட்டாளர் டேப்பை இழுக்கிறார்.
நுனி தண்ணீருக்குள் போகிறது.
"பட்டா பிரகாரம்..." என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொள்கிறார்.

போன வாரம் கரையில்
மஞ்சள் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள் நட்டார்கள்.
பாலத்துக்காம்.
யுவராஜ் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான்:
"அண்ணா, ஆறு போகுது, குடுத்துருங்க."
மாரப்பன் எதுவும் கேட்கவில்லை,
பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.
முளைக்குச்சிகளில் ஒன்று இப்போது
ரத்தினசபாபதியின் அவரைப்பந்தலில் நிற்கிறது.
நான் பார்க்கவில்லை என்று
முடிவு செய்திருக்கிறேன்.

பொழுது இறங்கி, கடைசிப் பரிசல்.
மதிப்பீட்டாளர் ஏறி ஓரமாக உட்கார
அது அவர் பக்கமாகச் சாய்கிறது.
மடியில் படிவம், கட்டம் காலி.
மாரப்பன் துடுப்பை ஊன்றியபடி
என்னைப் பார்க்கிறார்.
"எடைக்கு வாங்க."
போகிறதுதான் போகிறோம் என்று
காலி சிலிண்டரையும் எடுத்துக்கொண்டேன்.